பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பக்க அளவும் வரி இடைவெளியும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் பழகிவிட்டுப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிடம் வருகிறவர், முதல் பக்கம் ஒழுங்காக வந்து மூன்றாம் பக்கத்தின் தலைப்பு தாளின் நடுவே இறங்கிக் கிடப்பதைக் கண்டதும், பிரிண்டர் பழுதாகிவிட்டது என்றே முடிவு செய்துவிடுகிறார். பெரும்பாலும் பழுது எதுவும் இருப்பதில்லை. பக்கங்கள் துளைக்கோட்டில் இணைந்து நீளும் தொடர்தாளில் அச்சிடும் இந்த வகைப் பிரிண்டருக்கு ஒரு பக்கம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. தாளை இதுவரை எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறோம் என்ற கணக்கு ஒன்றைத்தான் அது வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு கூடுகிறது, எந்த அளவை எட்டியதும் அடுத்த பக்கம் என்று கொள்ள வேண்டும் என்ற மூன்றையும் நாம் சொல்லிக்கொடுத்துவிட்டால், ஆயிரம் பக்கம் ஓடினாலும் அச்சு இடம் மாறாது.

இங்கே சொல்லப்படும் கட்டளைகள் எப்சன் நிறுவனத்தின் எஸ்க்/பி கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தவை. 1980-இல் வந்த எம்எக்ஸ்-80 பிரிண்டரின் வழியில் வளர்ந்த இந்தத் தொகுதியைப் பிற நிறுவனங்களும் தங்கள் பிரிண்டர்களில் பின்பற்றியதால், உங்கள் மேசையில் இருப்பது எப்சன் இல்லையென்றாலும் இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யும். ஒருசில ஒற்றை எண் கட்டளைகளைத் தவிர மற்றவை 27 என்ற எண்ணுடன் தொடங்கும்; அது எஸ்கேப் குறியின் எண். கட்டளைகளை எழுத்துகளாகத் தராமல் பதின்ம எண்களாகவே தருகிறேன், ஏனெனில் எந்த நிரலாக்க மொழியில் எழுதினாலும் இறுதியில் பிரிண்டருக்குப் போய்ச் சேர வேண்டியவை அந்த எண்கள்தான்.

தாளும் தொடக்க இடமும்

அடிக்கோலை எடுத்து, ஒரு மடிப்புத் துளைக்கோட்டிலிருந்து அடுத்த துளைக்கோடு வரை தாளின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தொடர்தாளின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்திருப்பதால், அடிக்கோல் இல்லாவிட்டாலும் துளைகளை எண்ணியே நீளத்தைச் சொல்லிவிடலாம்: 22 துளை என்றால் 11 அங்குலம், 24 துளை என்றால் 12 அங்குலம். இந்த ஒரே ஓர் அங்குல வேறுபாடுதான் புதியவர்களின் பாதித் தொல்லைக்குக் காரணம். பிரிண்டர் 11 அங்குலத் தாள் என்று எண்ணிக்கொண்டு 12 அங்குலத் தாளில் அச்சிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் மேலே ஏறும். மாறாக இருந்தால் ஓர் அங்குலம் கீழே இறங்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் தவறு என்று தெரிந்துவிடும்.

அடுத்து, பிரிண்டரை அணைத்துவிட்டு, பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி, துளைக்கோடு அச்சுத்தலையின் மேல்விளிம்பை ஒட்டி வரும்படி தாளை நிறுத்துங்கள். அதன் பிறகு மின்சாரத்தைப் போடுங்கள். தொடர்தாள் எந்த இடத்தில் நிற்கும்போது பிரிண்டர் உயிர்பெறுகிறதோ, அந்த இடத்தையே அது பக்கத்தின் உச்சியாக எடுத்துக்கொள்ளும். இயங்கிக்கொண்டிருக்கும்போது குமிழைக் கையால் திருப்பக் கூடாது என்று கையேடுகள் சொல்வது பற்சக்கரங்களைக் காப்பதற்காக மட்டுமன்று. கையால் நகர்த்திய தூரம் பிரிண்டரின் கணக்கில் ஏறாது என்பதும் ஒரு காரணம். தாளை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், ஆஃப்லைன் நிலையில் முகப்புப் பலகையிலுள்ள லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் பொத்தான்களைப் பயன்படுத்துங்கள்.

டிப் சுவிட்சுகள்

பிரிண்டரின் பின்புறத்திலோ மூடிக்கு அடியிலோ சிறிய வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பக்க நீளம் 11 அங்குலமா 12 அங்குலமா, துளைக்கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் விட வேண்டுமா, ஒவ்வொரு வரி முடிவிலும் பிரிண்டர் தானாகவே தாளை ஒரு வரி நகர்த்த வேண்டுமா என்ற மூன்று அமைப்புகளும் பல மாதிரிகளில் இங்கேதான் உள்ளன. எந்தச் சுவிட்சு எதற்கு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். பிரிண்டர் இவற்றை மின்சாரம் வரும் கணத்தில் மட்டுமே படிக்கிறது. நான் பழகிய முதல் பிரிண்டரில், அதை அணைக்காமலே சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்த்து, எதுவும் பயன் தரவில்லை என்று ஒரு மாலை முழுவதையும் ஒரு கட்டுத் தாளையும் வீணாக்கியிருக்கிறேன்.

சுவிட்சுகளை ஒருமுறை நியாயமான நிலையில் வைத்துவிட்டு, மற்றவற்றை நிரல் வழியாகக் கட்டளையிடுவதே என் பரிந்துரை. துளைக்கோட்டைத் தாண்டும் சுவிட்சை அணைத்து வையுங்கள்; தானாக வரி நகர்த்தும் சுவிட்சையும் அணைத்து வையுங்கள்.

வரி இடைவெளி

இயல்பான வரி இடைவெளி ஓர் அங்குலத்தில் 1/6 பங்கு. அதாவது அங்குலத்துக்கு 6 வரிகள். 11 அங்குலப் பக்கத்துக்கு 66 வரிகள். இதைத் தருவது 27 50. நெருக்கமாக அங்குலத்துக்கு 8 வரிகள் வேண்டுமென்றால் 27 48. அப்போது அதே பக்கத்தில் 88 வரிகள் அடங்கும்.

நெருக்கத்துக்கு ஓர் இயற்கையான எல்லை உண்டு. 9 ஊசிப் பிரிண்டரின் அச்சுத்தலையில், புள்ளிகளைக் குத்தி எழுத்தை உருவாக்கும் ஊசிகள் அங்குலத்தில் 1/72 பங்கு இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒன்பது ஊசிகளின் மொத்த உயரம் 9/72, அதாவது சரியாக 1/8 அங்குலம். ஆகவே 8 வரி இடைவெளியில் அச்சிடும்போது, கீழே வால் நீளும் எழுத்து ஒன்றும் அடுத்த வரியில் தலை உயர்ந்த எழுத்து ஒன்றும் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒட்டிக்கொள்ளும். பட்டியலுக்கு அது பரவாயில்லை. படிப்பதற்கான உரைக்கு 6 வரி இடைவெளியை விட்டுக் கீழே இறங்காதீர்கள். 27 49 என்ற கட்டளை 9 ஊசிப் பிரிண்டர்களில் 7/72 அங்குலம் தருகிறது. அது எழுத்துக்கு ஆகாது.

இவற்றுக்கு இடைப்பட்ட அளவுகள் வேண்டுமென்றால் 27 51 என்ற கட்டளையுடன் மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும். 9 ஊசிப் பிரிண்டரில் அந்த எண் அங்குலத்தில் 216-இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 24 ஊசிப் பிரிண்டரிலோ 180-இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். ஒரே கட்டளை, ஒரே எண், இரு வேறு விளைவுகள்: புதியவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். 27 51 36 என்பது 9 ஊசிப் பிரிண்டரில் 1/6 அங்குலம். அதையே 24 ஊசிப் பிரிண்டருக்கு அனுப்பினால் 1/5 அங்குலமாகிவிடும், 66 வரிகள் 11 அங்குலத்தில் அடங்காமல் 13.2 அங்குலம் வரை ஓடும். 24 ஊசிக்கு உரிய எண் 30. அந்த 30-ஐத் தவறுதலாக 9 ஊசிக்கு அனுப்பினால் 66 வரிகள் ஏறத்தாழ 9.17 அங்குலத்திலேயே முடிந்துவிடும். எனவே பழைய நிரல் ஒன்றைப் புதிதாக வந்த பிரிண்டரில் ஓட்டி வரிகள் அகன்றோ குறுகியோ வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அச்சுத்தலையின் ஊசி எண்ணிக்கையைத்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 180-ஐ 8-ஆல் வகுத்தால் 22.5 வருகிறது, அரை அலகை அனுப்ப வழியில்லை. 22 என்று அனுப்பினால் 88 வரிகள் 10.76 அங்குலத்தில் முடியும். 23 என்று அனுப்பினால் 11.24 அங்குலம் வரை போகும். 24 ஊசிப் பிரிண்டரில் அங்குலத்துக்கு 8 வரி வேண்டுமென்றால் 27 48 என்ற நேரடிக் கட்டளையே சரி, கணக்குப் போட்டு எண்ணைத் தேடுவதில் பயனில்லை.

27 65 என்ற கட்டளையும் இதே வேலையைக் கொஞ்சம் பெரிய அலகில் செய்கிறது: 9 ஊசியில் 72-இல் பங்கு, பெரும்பாலான 24 ஊசிகளில் 60-இல் பங்கு. ஐபிஎம் புரோபிரிண்டர் முறையில் இயங்கும் பிரிண்டர்களில் இந்தக் கட்டளை அளவை நினைவில் வைத்துக்கொள்வதோடு சரி. அடுத்து 27 50 வந்த பிறகுதான் அந்த அளவு நடைமுறைக்கு வரும். பிரிண்டர் உங்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று தோன்றினால், அது எப்சன் முறையில் இருக்கிறதா ஐபிஎம் முறையில் இருக்கிறதா என்று சுவிட்சைப் பாருங்கள்.

ஒரேயொரு முறை மட்டும் கூடுதல் இடம் விட வேண்டுமென்றால், வரி இடைவெளியை மாற்றிவிட்டுத் திரும்ப மாற்றுவதற்குப் பதில் 27 74 என்ற கட்டளையுடன் எண்ணைச் சேர்த்து அனுப்பலாம். அது தாளை அந்த அளவுக்கு உடனே நகர்த்தும், நிலையான இடைவெளியைத் தொடாது.

முன்பே அச்சிட்ட படிவங்கள்

வரி இடைவெளியை நுணுக்கமாக அமைக்கும் தேவை உண்மையில் எழுவது, கோடு போட்ட படிவங்களில் நிரப்பும்போதுதான். படிவத்தை வடிவமைத்தவர் அங்குலக் கணக்கில் சிந்திக்காமல் மில்லிமீட்டரில் கோடு போட்டிருப்பார். ஒரு கட்டத்தை மட்டும் அளக்காதீர்கள். முதல் கோட்டிலிருந்து முப்பதாவது இடைவெளியின் முடிவு வரை அளந்து 30-ஆல் வகுத்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். பிறகு மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து, 216-ஆலோ 180-ஆலோ பெருக்குங்கள்.

கட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், 9 ஊசிப் பிரிண்டரில் விடை 85.04. எண்ணை 85 என்று வைத்தால் பக்கம் முழுவதும் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியும் பிழை வராது. கட்டம் 7 மில்லிமீட்டர் என்றால் விடை 59.53, இங்கே 60 என்று முழுமையாக்கினால் முப்பதாவது வரியில் எழுத்து ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் கீழே இறங்கிக் கோட்டின்மேல் உட்கார்ந்துவிடும். இதற்கு எளிய வழி, ஒரு வரிக்கு 59, அடுத்த வரிக்கு 60 என்று மாற்றி மாற்றி அனுப்புவது. சராசரி 59.5 ஆகிவிடும், முப்பது வரிகளுக்குப் பிறகும் பிழை 0.1 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். தாளின் இழுவையிலும் பற்சக்கரத்தின் தேய்மானத்திலும் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால், அதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண்.

பக்க நீளம்

பக்க நீளத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். 27 67 என்பதற்குப் பின் ஓர் எண்ணைத் தந்தால் அது வரிகளின் எண்ணிக்கை. 27 67 0 என்று சுழியைச் சேர்த்து அதற்குப் பின் எண்ணைத் தந்தால் அது அங்குலம். 27 67 66 என்பதும், 1/6 அங்குல இடைவெளி நிலவும்போது, 27 67 0 11 என்பதும் ஒன்றே. முழு அங்குலமாக உள்ள தாளுக்கு இரண்டாவது முறை பாதுகாப்பானது. ஐந்தரை அங்குலப் படிவம் போன்றவற்றுக்கு அங்குல முறை உதவாது. அரை அங்குலத்தை அதில் சொல்ல முடியாது என்பதால் 33 வரிகள் என்று சொல்ல வேண்டும். 11 அங்குலத் தாளை மூன்றாகப் பிரித்த படிவத்துக்கு 22 வரிகள்.

வரிகளில் சொல்லும்போது, அந்தக் கணத்தில் நிலவும் வரி இடைவெளியைக் கொண்டு பிரிண்டர் நீளத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. பின்னர் நீங்கள் இடைவெளியை மாற்றினாலும் பக்க நீளம் மாறாது. ஆகவே முதலில் 27 50, பிறகு பக்க நீளம், அதன் பிறகு உங்களுக்கு வேண்டிய வரி இடைவெளி என்ற வரிசையைக் கைவிடாதீர்கள். மேலும், பக்க நீளக் கட்டளை வரும் இடமே புதிய பக்கத்தின் உச்சியாகிவிடும். அச்சிடுதலின் நடுவே இதை அனுப்பினால் அதுவரை காத்துவந்த கணக்கு கலைந்துபோகும்.

பக்கத்தின் அடியில் வெற்றிடம் விட 27 78 என்பதுடன் வரிகளின் எண்ணிக்கையைத் தர வேண்டும். நீக்குவதற்கு 27 79. பக்க நீளக் கட்டளை இந்த அடி ஓரத்தை அழித்துவிடும் என்பதால் இது எப்போதும் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். நிரலே ஒவ்வொரு பக்கத்துக்கும் வெற்று வரிகளையும் சேர்த்து 66 வரிகளை அனுப்புகிறது, பிரிண்டரும் தன் பங்குக்கு 6 வரி தாண்டுகிறது என்றால், இரண்டும் கூடி ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கீழே தொடங்கும். அடி ஓரத்தைப் பார்க்கும் பொறுப்பை இருவரில் ஒருவரிடம் மட்டும் விடுங்கள்.

ஒரு பக்கம் முடிந்தது என்று சொல்ல 12 என்ற ஃபார்ம் ஃபீட் எண்ணை அனுப்புவதே நல்ல முறை. வெற்று வரிகளை எண்ணி எண்ணி அனுப்பும் பழைய நிரல்கள், எங்காவது ஒரு வரி அகலம் மீறி மடிந்து இரண்டு வரியானால் உடனே தடம் மாறிவிடும். ஆனால் பக்கத்தின் கடைசி வரியையும் நிரப்பி, அதன் வரி முடிவையும் அனுப்பிவிட்டு, பிறகு 12-ஐ அனுப்பினால், பிரிண்டர் ஏற்கெனவே அடுத்த பக்கத்தின் உச்சியில் நிற்பதால் ஒரு வெற்றுப் பக்கத்தை வெளியே தள்ளும்.

இடமும் வலமும்

அகலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அங்குலத்துக்கு 10 எழுத்து என்ற இயல்பு அளவில் 8 அங்குல அகலத்துக்கு 80 எழுத்துகள் அடங்கும். 27 77 அனுப்பினால் அங்குலத்துக்கு 12 எழுத்தாகி 96 அடங்கும். 10-க்குத் திரும்ப 27 80. 15 என்ற ஒற்றை எண், 10 எழுத்து நிலையை அங்குலத்துக்கு ஏறத்தாழ 17 எழுத்தாகச் சுருக்கி 130-க்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு இடம் தரும். 18 அதை நீக்கும். இட ஓரத்துக்கு 27 108, வல ஓரத்துக்கு 27 81, இரண்டிலும் மூன்றாவது எண் எழுத்துக் கணக்கு. ஓரங்கள் அப்போதுள்ள எழுத்தகலத்தில் அளக்கப்படுவதால், எழுத்தகலத்தை முதலில் அமைத்து, வரியின் தொடக்கத்தில் ஓரத்தை அமைக்க வேண்டும்.

ஒரு முழு எடுத்துக்காட்டு

தாள் 11 அங்குலம், அங்குலத்துக்கு 8 வரி, அடியில் ஓர் அங்குல வெற்றிடம், இடப்புறம் 8 எழுத்து ஓரம் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியவை இவை:

27 64
27 50
27 67 66
27 48
27 78 8
27 108 8

முதல் வரியிலுள்ள 27 64, முன்பு வேறு நிரல் விட்டுச்சென்ற அமைப்புகளைத் துடைத்துவிடும். பல பிரிண்டர்களில் அதுவும் அந்த இடத்தையே பக்க உச்சியாக்கிவிடும் என்பதால், தாள் சரியான இடத்தில் நிற்கும்போது மட்டுமே அனுப்புங்கள். ஐந்தாம் வரியில் 6-க்குப் பதில் 8 இருப்பது, அப்போது இடைவெளி 1/8 அங்குலமாகிவிட்டதால். இந்த அமைப்பில் பக்கத்துக்கு 80 வரிகள் அச்சாகும். சோதனைக்கு 1 முதல் 200 வரை வரி எண்களை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்; 1, 81, 161 ஆகிய எண்கள் மூன்று பக்கங்களிலும் துளைக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் நின்றால் அமைப்பு சரி.

கட்டளைகள் வழியில் சிதையாமல் சேர

பிரிண்டருக்கு எண்கள் அப்படியே போய்ச் சேர்வதுதான் சில வேளைகளில் பெரிய பாடு. டாஸ் இயங்குதளத்தில் கோப்பை எல்பிடி1-க்கு (பிரிண்டர் இணைக்கப்படும் வாயிலுக்கு) நகலெடுக்கும்போது காப்பி கட்டளையுடன் இருமக் குறியான "/பி" சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பின் நடுவே 26 என்ற எண் வந்தவுடன் கோப்பு முடிந்துவிட்டதாக எண்ணி நகலெடுப்பது நின்றுவிடும். ஜிடபிள்யூ-பேசிக் மொழி, பிரிண்டரின் அகலம் 80 என்று தானாகவே கொண்டு, கட்டளை எண்களையும் எழுத்துகளாக எண்ணி, எதிர்பாராத இடத்தில் வரியை முறித்துவிடும். விட்த் (WIDTH) கட்டளையால் எல்பிடி1-இன் அகலத்தை 255 ஆக்கிவிட்டால் அது தலையிடாது. விண்டோஸில், பிரிண்டருக்கென வரும் வழக்கமான டிரைவர் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பி நம் கட்டளைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடலாம் என்பதால், "ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரை நிறுவுங்கள். லினக்ஸில் எல்பி கட்டளையுடன், எண்களை மாற்றாமல் அனுப்பும் "ரா" தெரிவைச் சேர்த்தால் போதும்.

வரி முடிவைப் பற்றிய குழப்பம் தனி. 13 என்பது அச்சுத்தலையை இடப்புறம் கொண்டுவரும். 10 என்பது தாளை ஒரு வரி நகர்த்தும். டாஸ் கோப்புகளில் இரண்டும் இருக்கும், லினக்ஸ் கோப்புகளில் 10 மட்டுமே இருக்கும். எழுத்துகள் படிக்கட்டு போல வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனால் 13 இல்லை என்று பொருள். கோப்பை டாஸ் முறைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வந்தால், கோப்பிலும் 10 இருக்கிறது, தானாக வரி நகர்த்தும் சுவிட்சும் போட்டிருக்கிறது என்று பொருள்; சுவிட்சை அணையுங்கள். எல்லா வரிகளும் ஒரே வரியின்மேல் குவிந்து கறுப்பானால் 10 வரவில்லை.

படங்களில் கிடைமட்டமாக வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் அதுவும் வரி இடைவெளிச் சிக்கலே. பிரிண்டரின் நினைவகத்தில் இல்லாத தமிழ் போன்ற எழுத்துகளையும் படமாகவே அனுப்ப வேண்டியிருப்பதால், இது பலருக்கும் நேரும். 9 ஊசிப் பிரிண்டரில் ஒரு படப் பட்டையின் உயரம் பெரும்பாலும் 8 புள்ளிகள், அதாவது 8/72 அங்குலம். இடைவெளியை 27 51 24 என்று அமைத்தால் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும். 24 ஊசியில் 24 புள்ளிப் பட்டைக்கும் அதே எண்ணே பொருந்துகிறது, ஏனெனில் அங்கே 24/180 அங்குலம்தான் பட்டையின் உயரம். படம் முடிந்ததும் 27 50 அனுப்ப மறந்துவிட்டால், அடுத்து வரும் உரை நெருங்கிக் கிடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விளங்கவில்லையென்றால், பிரிண்டருக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்பதையே அச்சிடச் சொல்லலாம். பல எப்சன் பிரிண்டர்களில் லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் பொத்தான்கள் இரண்டையும் அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால், வரும் எண்கள் எதையும் கட்டளையாகக் கொள்ளாமல் பதினாறடிமான எண்களாகத் தாளில் எழுதும். அதில் 27 என்பது 1பி என்றும், 13 என்பது 0டி என்றும், 10 என்பது 0ஏ என்றும் தெரியும். நீங்கள் அனுப்பிய 1பி அங்கே இல்லையென்றால் தவறு கணினியின் பக்கம். இருந்தும் இடைவெளி மாறவில்லையென்றால், அந்த மாதிரியின் கையேட்டில் கட்டளைப் பட்டியலைத் திறந்து ஒப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.